சிவப்பு நூல் சுற்றிய முனை

சான் குவீரிக்கோ
5 ஆகஸ்ட் 1974, பனிமய மாதா திருநாள்

அன்பு மகள் நீவெஸுக்கு,

இன்று மலையடிச் சிற்றாலயத்தில் இருந்தவர்கள்: பங்குச்சாமி தோன் அத்திலியோ, கோயில்பிள்ளை பெப்போ, மலை வழிகாட்டிகள் நான்கு பேர், அவர்களுடைய மனைவிமார் மூன்று பேர் (நான்காமவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை), மிலானிலிருந்து வந்த ஒரு குடும்பம், முதுகுக் கூடையைக் கழற்றாமலே நின்ற சுமைகாரர் கௌதென்சியோ, அவருடைய நாய், நான். நாயையும் எண்ணிக்கையில் சேர்த்ததற்குக் காரணம், பூசை முடியும் வரை மிலான் பிள்ளைகளைவிட அது ஒழுங்காக இருந்தது. வராதவர்கள் இரண்டு பேர். உன் அப்பா சுவிட்சர்லாந்தில் அணைக்கட்டு வேலையில் இருக்கிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. நீ மூன்று மணி நேர நடையில் இருக்கிறாய்.

சரி, சண்டைக்கு வரவில்லை. கௌதென்சியோ சனிக்கிழமை உன் மலையேறும் சாமான் மூட்டையை இறக்கி வைத்ததும் வாசலிலேயே பிரித்துவிட்டேன். ஜூன் மாதம் கதவைச் சாத்திக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரி எழுதாதவள், "திருநாளன்று மந்திரித்துக் கொடுத்தனுப்பு" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தாய். என்னைக் கேட்டிருந்தாய். எனக்கு அதுவே போதும்.

ஆனால் மகளே, அந்தச் சாமான்கள் இருந்த இலட்சணம்! கயிற்றை ஆற்றுக்குக் கொண்டுபோய் நல்ல தண்ணீரில் அலசினேன். அலுமினிய ஆப்புகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஆப்புகளில் கோத்துக் கட்டியிருந்த நாடாக்கள்தான் மோசம், அடுப்படித் துணி மாதிரி கருத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் அவிழ்த்து, வெளுப்பு மருந்து விட்ட தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்தேன். அப்பாவின் சட்டைக் கழுத்துக்கு விடுகிற அதே அளவுதான். காலையில் பார்த்தால் பீடத்துணி போல வெளுத்திருந்தன. நீ போட்ட முடிச்சைப் பார்த்துப் பார்த்து அதே போலத் திரும்பக் கட்டினேன். கயிற்றின் ஒரு முனை கருத்துப் பிரிந்து கிடந்தது. அதையும் சுத்தம் செய்து, சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிட்டேன். இனி பிரியாது.

படிக்கட்டில் வெள்ளைத் துணி விரித்து எல்லாரும் தங்கள் கயிறுகளையும் பனிக்கோடரிகளையும் வைத்தார்கள். நம்முடையதைப் பார்த்துவிட்டு வழிகாட்டியின் மனைவி ஒர்தென்சியா சொல்கிறாள், "என்ன எர்சிலியா, இதெல்லாம் மலை ஏறப் போகுதா, வெள்ளை உடுத்திப் புதுநன்மை வாங்கப் போகுதா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஒளிக்க மாட்டேன். சாமியார் தீர்த்தம் தெளித்தபோது நம் மூட்டைக்கு இரண்டாவது தடவையும் தெளித்தார். நான்தான் கேட்டேன்.

நாளை கௌதென்சியோ மேலே வருகிறார். மூட்டையோடு ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் வைத்திருக்கிறேன். பனி என்று பொருள் வருகிற இந்த மாதாவின் பெயரை உனக்கு வைத்தவள் நான். அதை மறக்காதே.

அம்மா


மெரா மலைவிடுதி
6 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மா,

மூட்டை வந்தது. பாலாடைக்கட்டி வந்த அரை மணியில் முடிந்தது, அதில் பாதி என்னோடு மலை ஏறுகிற தார்சீசியோவின் வயிற்றில். நாடாக்களை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "உங்கம்மா இதுல மேசை விரிப்பு தைக்கச் சொல்லியிருக்காங்களா?" என்றான். "கை வைக்காத, அழுக்காயிடும்" என்றேன். சமையலறையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஒரு குறை. நாடா பதினொன்று கொடுத்தேன், பத்துதான் வந்திருக்கிறது, ஆப்பில் கோக்காமல் தனியாக விட்டிருந்த ஒன்றைக் காணோம். வீட்டில் ஒரு தேக்கரண்டி குறைந்தாலும் இரவெல்லாம் தேடுகிறவளுக்கா இப்படி!

நீ இதுவரை ஒரு தடவை கூட நான் பாறையில் என்ன செய்கிறேன் என்று கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கோர்னா ரோஸ்ஸா மலையின் தெற்குப் பக்கத்தில், கீழிருந்து மேல் வரை ஒரு வெடிப்பு ஓடுகிறது. பாறையை யாரோ கத்தியால் கீறியது போல இருக்கும். பிடிக்க வேறு ஒன்றும் கிடையாது, இரண்டு பக்கமும் இழைத்த பலகை மாதிரி வழவழப்பு. வெடிப்புக்குள் கையைத் தட்டையாக நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை தடித்துக்கொண்டு பாறைக்குள் இறுகிவிடும். அதில் தொங்கலாம். காலையும் அப்படியே சொருகி முறுக்க வேண்டும். புறங்கைத் தோல் போகும். அதுவும் ஒரு பாவப் பரிகாரம் என்று வைத்துக்கொள். இரண்டு ஆள் உயரம் ஏறியதும், வெடிப்பு குறுகுகிற இடமாகப் பார்த்து ஒரு ஆப்பைச் செருகி, அதன் நாடாவில் கொக்கியைப் போட்டு, என் இடுப்பில் கட்டிய கயிற்றை அதற்குள் விடுவேன். கீழே தார்சீசியோ கயிற்றைப் பிடித்திருப்பான், மறு முனை அவன் இடுப்பில். நான் விழுந்தால் அந்த ஆப்பு வரைதான் விழுவேன், அப்புறம் அதே அளவு கீழே. சுத்தியல் இல்லை, ஆணி இல்லை. பின்னால் வருகிறவன் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வருவான். பாறையில் நம் தடம் ஒன்றும் மிஞ்சாது.

தெரிந்தவர்கள் இதை நடுத்தர வழி என்கிறார்கள். இந்த முறை முழுக்க நானே முன்னால் போகிறேன். சனிக்கிழமை, காற்று அடங்கினால்.

போன கோடையிலும் இதே சுவருக்குத்தான் கிளம்பினேன். "அப்பாவுக்குக் கல்லுடைக்கிற இடத்தில் கால் நசுங்கிவிட்டது" என்று நீ ஆள் அனுப்பினாய். அழுதுகொண்டே ஓடி இறங்கினேன். அப்பா பொலெந்தா களியைக் கிண்டிக்கொண்டு நின்றார். இரண்டு காலிலும். அந்த மனிதருக்கே நீ சொன்ன பொய் தெரியாது. அதனால்தான் ஜூனில் கதவைச் சாத்தினேன். மந்திரிக்கக் கேட்டது கோபம் தீர்ந்துவிட்டதால் இல்லை. உன் ஜெபம் என்னோடு இருந்தால் நல்லது என்று பட்டது, அவ்வளவுதான்.

நீவெஸ்


பாலத்தருகே, வியாழன்

நீவெஸ்,

பென்சிலில் எழுதுகிறேன், முழங்காலில் வைத்து. பாலம் வரை வந்துவிட்டேன். மேலே சங்கிலிப் பாறையைத் தாண்ட முடியவில்லை. இரண்டு தடவை சங்கிலியைப் பிடித்தேன், கீழே அருவியைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். லெக்கோவிலிருந்து வருகிற இரண்டு பையன்கள் உன் விடுதிக்குத்தான் போகிறார்களாம். இதை அவர்களிடம் கொடுக்கிறேன்.

நாடாக்களைப் பயன்படுத்தாதே. ஒன்றைக்கூட.

உன் கடிதம் வந்ததும் பதினோராவதைத் தேடினேன். தொட்டியின் அடியில், வெளுக்கப் போட்ட படுக்கை விரிப்புக்குக் கீழே கிடந்தது. காயவைத்து, நேற்று சாயந்திரம் மாட்டைக் கட்ட அதை எடுத்தேன், பழைய கயிறு நைந்திருந்ததால். புரூனாவை ஈ கடித்தது. தலையை ஒரு உதறு உதறினாள். இழுக்கவில்லை, உதறினாள், அவ்வளவுதான். நாடா அறுந்து பாதி என் கையில் நின்றது. சத்தம்கூட இல்லை.

ஒர்தென்சியாவிடம் ஓடினேன். "வெளுப்பு மருந்துல நைலானையா போட்ட? ஐயோ எர்சிலியா! என் காலுறை போன வருஷம் அப்படித்தான் அரிச்சுப் போச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது. போட்டா கையோட வந்துரும்" என்றாள்.

பார்த்தால் தெரியாது, நீவெஸ். வெள்ளையாக, அழகாக, உறுதியாக இருக்கும்.

கயிறு பயமில்லை. அது தொட்டியில் கொள்ளாது என்று ஆற்றில் நல்ல தண்ணீரில்தான் அலசினேன். நாடாக்கள் மட்டும். எல்லாம் மருந்தில் ஊறியவை. நானே என் கையால் ஊறவைத்தவை.

பையன்கள் கிளம்ப வேண்டும் என்கிறார்கள். தயவு செய்து.

அம்மா


மெரா மலைவிடுதி
8 ஆகஸ்ட், வியாழன்

அம்மா,

லெக்கோ பையன்கள் உன் கடிதத்தை ஓடி வந்து கொடுத்தார்கள். "ஒரு அம்மா பாலத்துல உக்காந்து அழுதுட்டு இருந்தாங்க, என்னன்னு கேட்டா ஜெபமாலையக் காட்டுறாங்க" என்றான் ஒருவன். எல்லார் முன்னாலும். எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

போன வருஷம் அப்பாவின் கால். இந்த வருஷம் நாடா. நான் முதல் தடவை முன்னால் ஏறப் போகிறேன் என்று எழுதி, நீ படித்த அன்றைக்கே மாடு தலையை உதறுகிறது! நம்பத்தான் பார்க்கிறேன் அம்மா, நம்ப முடியவில்லை. புரூனா இரும்புச் சங்கிலியையே அறுத்தவள். அப்பா அவளுக்கு வாத்தியார் சம்பளத்தைவிட அதிகம் செலவாகிறது என்பார். அவள் ஒரு நாடாவை அறுத்தால் அது செய்தியா?

இன்னொன்றும் யோசி. அந்தப் பதினோராவது தொட்டியில் நாலு நாள் கிடந்திருக்கிறது. இவை ஒரு ராத்திரிதான். நீயே எழுதியிருக்கிறாய், அப்பா சட்டைக்கு விடுகிற அளவு என்று. அப்பா சட்டை ஒன்றும் கிழிந்து தொங்கவில்லையே.

ஆனாலும் சோதித்தோம். தார்சீசியோ விறகுக் கொட்டகை உத்தரத்தில் ஒரு நாடாவை மாட்டி, அதைப் பிடித்துத் தொங்கினான். அவன் எடை உனக்குத் தெரியும். அப்புறம் நான் அவன் முதுகில் ஏறிக்கொண்டேன். உத்தரம் முனகியது, நாடா முனகவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, துணி கட்டுற கொடியா வேணும்னா குடுத்தனுப்புறேன்" என்கிறான்.

நீ பயப்படுகிறாய், அது தெரியும். எனக்கும் பயம் உண்டு. வெடிப்பில் கை இறுகுவதற்கு முந்தின அந்த ஒரு கணம், இறுகுமா இறுகாதா என்று தெரியாத கணம்தான் அது. ஆனால் அது என் பயம். உன்னுடையதையும் சேர்த்து என்னால் தூக்க முடியாது.

நாளைக் காலை இறங்குகிற சூரிச் தம்பதியிடம் இதைக் கொடுக்கிறேன். சனிக்கிழமை ஏறுகிறோம். எழுது, ஆனால் இதைப் பற்றி எழுதாதே.

நீவெஸ்


சான் குவீரிக்கோ
9 ஆகஸ்ட், வெள்ளி

நீவெஸுக்கு,

இதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்.

கால் விஷயத்தில் நான் சொன்னது பொய். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, சாமியாரிடம் மட்டும்தான் சொன்னேன். இப்போது கேட்கிறேன். இன்று காலை தோன் அத்திலியோவிடம் போய், "சாமி, நான் மாதா மேல் சத்தியம் பண்ணி எழுதலாமா?" என்று கேட்டேன். "சத்தியம் பண்ணினா நம்புவாளா?" என்றார். "மாட்டா" என்றேன். "அப்ப மாதாவ ஏன் இதுல இழுக்கிற? அந்தப் புள்ள கண்ணால பாக்குற மாதிரி ஏதாவது செய்" என்றார்.

அதனால் செய்தேன். நீ எழுதியது சரி, இந்த நாடா அதிக நாள் ஊறியது. உன் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் செய்த சோதனை சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மாடு அறுத்ததில் மிஞ்சிய நீளத் துண்டை முடிச்சுப் போட்டு, தொழுவத்து உத்தரத்தில் கட்டினேன். பால் வாளியில் கற்களை நிரப்பி மாட்டினேன். தொங்கியது. இன்னும் கல் போட்டேன். தொங்கியது. என் இரண்டு கையையும் வாளியில் ஊன்றி அழுத்தினேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன், எல்லாம் சரிதான், மகளை வீணாகப் பயமுறுத்தினேன் என்று. அப்புறம் மாடு என்ன செய்தது என்று நினைத்துப் பார்த்தேன். அவள் தொங்கவில்லை. உதறினாள். வாளியை ஒரு முழம் மேலே தூக்கி விட்டேன். நாடா அறுந்து வாளி தரையில் மோதி வாய் கோணிவிட்டது.

நீ விழுந்தால் மெல்ல இறங்கித் தொங்க மாட்டாய் அல்லவா? நீயே எழுதினாய், ஆப்பு வரை விழுவேன், அப்புறம் அதே அளவு கீழே என்று. அது வாளி விழுந்ததைவிட எத்தனையோ மடங்கு.

அறுந்த துண்டுகளை இந்த உறையில் வைத்திருக்கிறேன். நுனியை நகத்தால் கீறிப் பார், மாவு மாதிரி வரும். இதையும் நம்பாதே, இது நாலு நாள் ஊறியது. உன்னிடம் இருக்கிற பத்தில் ஒன்றை எடுத்து, சாக்கில் கல்லைக் கட்டி, தூக்கி விடு. ஒரு தடவை அல்ல, இரண்டு மூன்று தடவை. அறுபடாவிட்டால் ஏறு. நான் வாயைத் திறக்க மாட்டேன். அறுந்தால் என்ன செய்வது என்று உனக்கே தெரியும்.

நடுத்தர வழி என்று எழுதியிருந்தாய். விழுகிற உயரத்தில் நடுத்தரம் என்று ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியாது.

வெயில் தாழ்ந்து கௌதென்சியோ கிளம்புகிறார். கடிதத்தைக் கூடையில் வைக்க விடவில்லை, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். "எர்சிலியா, இதென்ன நற்கருணையா?" என்றார். சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அம்மா


மெரா மலைவிடுதி
10 ஆகஸ்ட், சனி

அம்மா,

இறங்கிவிட்டேன். முழுசாக இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படி.

நேற்று கௌதென்சியோ கடிதத்தைக் கொடுத்தபோது பிரிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உறைக்குள் ஏதோ தடித்தது. துண்டுகள் மடியில் விழுந்தன. நுனியைக் கீறினேன், நகத்தில் வெள்ளையாகப் பொடி ஒட்டியது. தார்சீசியோவிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உருளைக்கிழங்கு சாக்கில் கல்லை நிரப்பி, தூக்கி விட்டேன். பிடித்தது. "பாத்தியா?" என்று பின்னாலிருந்து அவன் குரல், எப்போது வந்தானோ. இரண்டாவது தடவை விட்டேன்.

அம்மா, நீ எழுதியது போலத்தான். சத்தமே இல்லை. சாக்கு கீழே கிடந்தது. தார்சீசியோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "நான் உன்ன முதுகுல வச்சுத் தொங்குனேன்டி" என்றான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஒன்பதையும் அடுப்பில் போட்டேன். அந்த நாற்றம் இன்னும் சமையலறையில் இருக்கிறது.

அப்புறம் எப்படி ஏறினாய் என்று கேட்பாய். ஏறாமல் இருக்க முடியவில்லை, திட்டு. கயிறு நல்ல தண்ணீரில்தான் அலசியது, பயமில்லை என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? அதை நம்பினோம். கயிற்றின் நுனியிலிருந்து ஆறேழு முழம் அறுத்து, துண்டு போட்டு, ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு கண்ணியாகக் கோத்தோம். கயிறு கொஞ்சம் குட்டையானது, ஆனால் போதும்.

வெடிப்பின் நடுவில் ஒரு இடத்தில் ஈரம். மேலே பனி உருகி வழிந்திருக்கிறது. இடது கையைச் சொருகினேன், இறுகவில்லை, சோப்பு போட்டது போல வழுக்கியது. விழுந்தேன். அதிக உயரம் இல்லை, என் உயரம் இருக்கும். கண்ணி பிடித்தது. பாறையில் தொங்கிக்கொண்டு, நீ எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த "அருள் நிறைந்த மரியே"யைச் சொன்னேன். பாதிக்கு மேல் வார்த்தை மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கீழே தார்சீசியோ, "ஜெபம் அப்புறம் சொல்லலாம், கால எங்கயாவது வை!" என்று கத்துகிறான். அப்புறம் ஏறினேன். உச்சியில் புறங்கை இரண்டும் ரத்தம். ஆனால் அழகாக இருந்தது அம்மா, இந்தக் கடிதத்தில் சொல்ல முடியாத அளவுக்கு.

இனிமேல் நீ எழுதுகிற ஒவ்வொரு வார்த்தையையும் நம்புவேன். இதை எழுதுவதற்கு எனக்கு மலை ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பக்கத்துச் சுவருக்குப் போகிறோம். அது இதைவிட நீளம், ஆப்பு செருக இடம் குறைவு. இந்த முறை தார்சீசியோ முன்னால் போவான், நான் கயிறு பிடிப்பேன். அவனுக்காகவும் ஜெபம் பண்ணு.

கௌதென்சியோ நாளை பூசைக்கு இறங்குகிறார்.

நீவெஸ்


சான் குவீரிக்கோ
11 ஆகஸ்ட், ஞாயிறு

நீவெஸ்,

கோயில் வாசலில் கௌதென்சியோ உன் கடிதத்தைக் கொடுத்தார். அங்கேயே நின்று படித்தேன். "இறங்கிவிட்டேன்" என்ற வார்த்தையைப் படித்ததும் உள்ளே திரும்பிப் போய் மாதாவின் காலடியில் முழங்காலிட்டேன். மிச்சத்தை அங்கேயே படித்தேன். நீ விழுந்த இடத்தில் மாதாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன், கண்ணி பிடித்த இடத்தில் அழுதேன். பக்கத்திலிருந்த ஒர்தென்சியா, "என்ன, கல்யாணச் சேதியா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு, "கயிற்றின் நுனியிலிருந்து அறுத்து" என்று நீ எழுதியதை மறுபடி படித்தேன். நுனி என்ற வார்த்தையைப் படித்தபோது அன்று கயிற்றைத் தைத்த என் கை என் கண் முன்னால் வந்தது. என் கையில் சிவப்பு நூல் இருந்தது.

நான் சொன்னது முழு உண்மை இல்லை, நீவெஸ். பொய் சொல்ல நினைக்கவில்லை. மறந்துவிட்டேன். கயிற்றை ஆற்றில்தான் அலசினேன், அது உண்மை. ஆனால் ஒரு முனை கரியும் எண்ணெயும் பிடித்துப் பிரிந்து கிடந்தது. அதில் சிவப்பு நூலைச் சுற்றினால் அசிங்கமாக இருக்கும் என்று, கயிற்றை முற்றத்தில் விரித்துப் போட்டபோது, அந்த முனையை மட்டும் இழுத்து நாடாக்கள் ஊறிய அதே தொட்டியில் இரவெல்லாம் போட்டு வைத்தேன். கல்லை வைத்து அமுக்கினேன், வெளியே வந்துவிடக் கூடாது என்று. எவ்வளவு நீளம் உள்ளே இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஐந்து முழமா, ஆறு முழமா? தொட்டியை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. காலையில் எடுத்து, வெளுத்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, நூல் சுற்றித் தைத்தேன். பதினோராவதைத் தேடியபோதும் நாடாக்களைத்தான் எண்ணினேன். கயிறு ஒன்றுதானே, அதில் எண்ண என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பாலத்தில் உட்கார்ந்து கயிறு பயமில்லை என்று எழுதியபோது என் மனதில் ஆறு மட்டும்தான் இருந்தது.

நீ எந்த முனையை அறுத்தாய்? அதை நீ எழுதவில்லை.

சிவப்பு நூல் சுற்றிய முனையை அறுத்திருந்தால், நீ செய்த கண்ணிகள் எல்லாம் அரித்துப் போனவை. எல்லாவற்றையும் எரித்துவிடு. மிச்சக் கயிறு நல்லது.

மற்ற முனையை அறுத்திருந்தால், கண்ணிகள் நல்லவை. நீ விழுந்தாய், கண்ணி பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். பிறகுதான் அதற்கு என்ன அர்த்தம் இருக்கலாம் என்று உறைத்தது. அப்படியானால் சிவப்பு முனை இன்னும் கயிற்றில்தான் இருக்கிறது. சனிக்கிழமை அது உன் இடுப்பில் இருந்திருக்காது, இருந்திருந்தால் நீ இன்று எனக்கு எழுதியிருக்க மாட்டாய். பின்னால் வந்த தார்சீசியோவின் இடுப்பில் இருந்திருக்கும். அவன் விழவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் முன்னால் போகிறான். இடுப்பில் அதையேதான் கட்டிக்கொள்வானா?

கண்ணி ஒரு தடவை பிடித்ததாலும் நிச்சயம் சொல்ல முடியாது. சாக்கைக் கட்டிய நாடாவும் முதல் தடவை பிடித்தது, நீயே எழுதினாய். அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. பூசை முடிந்ததிலிருந்து இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் போட்டாலும் இரண்டில் ஒன்று கெட்டது. எது என்று தெரிந்தவள் நீ மட்டும்தான்.

கௌதென்சியோவிடம் நாளை விடிந்ததும் மேலே போகக் கேட்டேன். "நாளைக்கு என் நாள் இல்லையே எர்சிலியா, முதுகு வலிக்குது" என்றார். "கூடை வேணாம், கடுதாசி மட்டும்தான்" என்றேன். கடிதத்தை வாங்கி, நான் சொல்லாமலே சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். கையிலிருந்த ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டு, "எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

நானும் அவரோடு கிளம்புகிறேன். பாலத்தில் நிற்க மாட்டேன், சங்கிலிப் பாறை தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ அறுத்த முனையின் நிறத்தை மட்டும் ஒரு வரியில் எழுதி, கௌதென்சியோ திரும்பி வரும்போது கொடுத்தனுப்பு. அதோடு, கயிற்றை இரண்டு பக்கமும் பத்து முழம் அறுத்து எறிந்துவிட்டேன் என்றும் எழுது. குட்டையானால் புதுக் கயிறு வாங்கலாம்.

நாளை மதியம் வரை பதில் வராவிட்டால் நான் அந்தப் பாறையைக் கடப்பேன். எனக்குக் கடக்கத் தெரியாது. அதனால் சீக்கிரம் பதில் எழுது.

அம்மா